கடைசி எழுத்து

பதினோரு மாதம் ஆகிவிட்டது.
பெண்ட்லேண்டு ஆஸ்பத்திரிச் சீட்டில்
'பெண் குழந்தை' என்பதோடு நிற்கிறாள் மகள்.
பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.
பன்னிரண்டு தாண்டினால் தண்டம் கட்டணுமாம்.

நாத்தனார் பரிமளம் லாங் பஜார் போய்
வளையல் கடை மாடியில்
எண்கணிதக்காரரைப் பார்த்துவிட்டு வந்தாள்.
"கடைசி எழுத்து 'தா'வுல முடியணுமாம்.
முடிஞ்சா பணம் கொட்டுமாம்."
இருநூறு ரூபாய்க்குத் துண்டுச் சீட்டு ஒன்று:
ஹர்ஷிதா, நிவேதிதா, லோகிதா,
அடித்து எழுதிய ஒரு சம்யுக்தா.

நான் முள்ளுக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.
காம்பு குத்தியது.

தா.
எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர்.
வனிதா, சுனிதா, அமுதா.
தா, தா, தா என்று
அப்பா மூன்று முறை கேட்டிருக்கிறார்
அவருக்கே தெரியாமல்.
கட்டிப்போன வீடுகளில் அக்காக்கள்
இன்னும் தந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நாலாவது நான்.
கேட்டு அலுத்தவர்
எனக்கு வேண்டாம் என்று பேர் வைத்தார்.
வைத்தால் அடுத்தது ஆண் என்று
ஒடுகத்தூர்ப் பக்கம் யாரோ சொன்னார்களாம்.
சொல்லி முடிக்கையில் உதடு ஒட்டிக்கொள்ளும் பேர்.
தூரத்துக்குக் கேட்காது.
பள்ளிகொண்டாவில் அதையும் இழுத்து
"ஏ வோணா, தண்ணி லாரி வந்துடுச்சி" என்பார்கள்.
ரேஷன் அட்டையில்தான் திருத்தமாக இருந்தேன்,
பள்ளிக்கூடத்திலும்.
தலை நிமிராமல் சார் வாசிப்பார்:
வேண்டாம்.
எழுந்து நின்று சொல்வேன்:
உள்ளேன் ஐயா.
பத்து வருஷம், தினமும் இதே பேச்சு.

தம்பி பிறந்தான்.
பேர் வேலை செய்தது என்று
எனக்கொரு பச்சைப் பாவாடை எடுத்தார்கள்,
கூலி மாதிரி.
அவனுக்கு ஜீவா.

கத்தரிக்காய் தண்ணீரில் கிடக்க, யோசித்தேன்.
சிவா, தேவா, ஜீவா,
எதிர்வீட்டு விஷ்வா.
'வா' எல்லாம் பையன்கள் பக்கம் போயிருக்கிறது.
எங்களுக்குத் 'தா'.
யாரும் உட்கார்ந்து பங்கு போட்டதில்லை,
ஆனாலும் பாகம் பிரிந்திருக்கிறது.

'வா'வில் முடியும் பெண் பேர் தேடினேன்.
ரேவா.
எங்கோ ஓடும் ஆறாம் அது.
ஓடாத பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு
அதை வைக்கக் கூச்சமாக இருந்தது.
அபூர்வா.
இவள் ஒன்றும் அபூர்வமில்லை.
மூக்கு ஒழுகுகிறது,
தாலிச் சரட்டைக் கடிக்கிறாள்,
நல்ல பிள்ளை, சாதாரணப் பிள்ளை.

ஷூ கம்பெனிப் பசை வாசனையோடு
பேர்ணாம்பட்டிலிருந்து ராத்திரி வந்தவரிடம் சொன்னேன்.
சட்டையைக் கழற்றியபடியே
"இன்னாத்துக்கு அதும் முன்னாடி
எதையாவது கொண்டாந்து ஒட்டணும்?
நேரா கூப்புடேன்" என்றார்.

மாநகராட்சியில் மூன்றாவது ஜன்னல்.
மின்விசிறி சுற்றியது,
காற்று எங்கேயோ போய்விட்டிருந்தது.
எழுதிக்கொடுத்ததை எழுத்தர் உரக்கப் படித்தார்:
"நீவா. இன்னாம்மா அர்த்தம்?"
"இப்பப் படிச்சீங்களே சார், அதான்."
இடுப்பிலிருந்தவள் அவரை நோக்கிக்
கையை நீட்டிச் சாய்ந்தாள்.
அவர் பேனாவை எட்ட வைத்துக்கொண்டார்.

"தாயார் பேரு?"
"வேண்டாம்."
"அப்படியெல்லாம் உட முடியாதும்மா.
தாயார் பேரு கட்டாயம்."

இருபத்தெட்டு வருஷத்தில்
என் பேரைக் கட்டாயம் என்றவர்
அவர் ஒருவர்தான்.
திருத்த மனசு வரவில்லை.
பின்னால் வரிசை முனகியது.
இன்னும் கொஞ்ச நேரம்
அப்படியே நின்றேன்.